மலிவான மென்பொருள் வானொலி ஏற்பியால் பரப்பியைச் சோதித்தலும் சீரமைத்தலும்

பரப்பி ஒன்று ஒழுங்காக இயங்குகிறதா என்று தீர்மானிக்க, அது தனக்குரிய அதிர்வெண்ணில் நிற்கிறதா, தனக்குரிய பட்டை அகலத்துக்குள் அடங்குகிறதா, தனக்கு உரிமையில்லாத அதிர்வெண்களில் ஆற்றலைச் சிந்தாமல் இருக்கிறதா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஆய்வகங்களில் இவ்விடைகளைத் தரும் நிறமாலைப் பகுப்பாய்வியின் விலை பல லட்சம் ரூபாய் என்பதால், தம் கையாலேயே பரப்பி கட்டும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கும் சிறு பழுதுபார்ப்புக் கடையினருக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் அது நெடுங்காலம் எட்டாத பொருளாகவே இருந்தது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மென்பொருள் வானொலி ஏற்பி, அக்கருவியின் பணிகளில் பெரும்பகுதியைச் செய்ய வல்லது.

ஆயினும் அது அளவைக் கருவியாகச் செய்யப்பட்டதன்று என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். திரையில் காணும் ஒரு கோட்டின் உயரம் எத்தனை மில்லிவாட்டைக் குறிக்கிறது என்று அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் இரண்டு கோடுகளில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு தாழ்ந்தது என்பதையும், ஒரு கோடு எந்தக் கணத்தில் மறைகிறது என்பதையும், தெரிந்த ஒரு சமிக்ஞையோடு தெரியாத ஒன்று எவ்வாறு ஒப்பிடத்தக்கது என்பதையும் அது நம்பகமாகச் சொல்லும். ஆகவே ஒவ்வொரு சோதனையையும் விகிதம், சுழி, ஒப்பீடு ஆகிய மூன்றில் ஒன்றின்மீது நிறுத்துவதே இந்த அத்தியாயம் முழுவதும் பின்பற்றும் நெறியாகும்.

கருவியின் இயல்பும் எல்லையும்

சந்தையில் மிகப் பரவலாக உள்ள ஏற்பி, ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்னும் சில்லையும், ரஃபேல் மைக்ரோ நிறுவனத்தின் ஆர்820டி2 என்னும் இசைவிப்புச் சில்லையும் கொண்டது. டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் காண்பதற்காகவே உருவாக்கப்பட்ட இந்த யூ.எஸ்.பி. கருவி, தான் பெறும் அலையைப் படமாக மாற்றாமல் வெறும் எண் மாதிரிகளாகவே கணினிக்கு அனுப்பவும் வல்லது என்பது 2012ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள் அதை ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அதிர்வெண்ணையும் கேட்கத்தக்க ஏற்பியாக்கின. கணினிக்கு வந்து சேர்வன, ஒன்றுக்கொன்று 90 பாகை கட்ட வேறுபாடு கொண்ட இரு மாதிரித் தொடர்கள் ஆகும். வடித்தல், பண்பிறக்கம், நிறமாலை வரைதல் ஆகிய அனைத்தையும் மென்பொருளே கணக்கிட்டுச் செய்வதால்தான் இதற்கு மென்பொருள் வானொலி என்று பெயர்.

இக்கருவி மாதிரிகளை இழக்காமல் அனுப்பும் வேகம் நடைமுறையில் நொடிக்கு 24 லட்சம் ஆகும். எனவே ஒரே நேரத்தில் திரையில் தெரிவது ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு மட்டுமே. இதைவிட முக்கியமான எல்லை, அதன் அனலாக்-டிஜிட்டல் மாற்றி 8 பிட் கொண்டது, அதாவது அலையின் உயரத்தை 256 படிகளாக மட்டுமே பிரித்தறியும் என்பதாகும். இத்தகைய மாற்றி மிகச் சிறந்த நிலையிலும் வலுவான சமிக்ஞைக்கும் தன் இரைச்சலுக்கும் இடையே சுமார் 50 டெசிபெல் இடைவெளியையே தர முடியும்.

திரையில் இரைச்சல் தளம் அதைவிட மிகத் தாழ்வாகத் தெரிவதைக் கண்டு, கருவியின் திறன் அவ்வளவு பெரியது என்று கொள்வது பிழையாகும். நிறமாலையை வரையும் ஃபூரியர் கணக்கு, மொத்த இரைச்சலையும் ஆயிரக்கணக்கான குறுகிய கட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. 16,384 கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சேரும் இரைச்சல் மொத்தத்தைவிட 42 டெசிபெல் குறைவாக இருக்கும். இரைச்சல் இவ்வாறு பரவித் தாழ்ந்தாலும், ஏற்பியின் உட்பகுதி வலுவான சமிக்ஞையால் திணறும்போது பிறக்கும் போலிக் கோடுகள் தாழ்வதில்லை. ஆகவே இவ்வகை ஏற்பியில் 45 டெசிபெல்லுக்கு மேற்பட்ட எந்த விகிதத்தையும், பின்னர்க் கூறப்படும் சரிபார்ப்பைச் செய்யாமல் ஏற்றுக்கொள்ளலாகாது.

பாதுகாப்பான இணைப்பு

சோதனையின்போது பரப்பியின் ஆற்றல் முழுவதும் டம்மி லோடில், அதாவது அலையாகப் பரப்பாமல் வெப்பமாக மாற்றிவிடும் 50 ஓம் மின்தடைச் சுமையில் சென்று முடிய வேண்டும். அதில் ஒரு நுண்ணிய பங்கை மட்டுமே ஏற்பிக்குப் பிரித்தெடுக்க வேண்டும். கையடக்க வாக்கி-டாக்கி ஒன்று வெளியிடும் 5 வாட் ஆற்றல், 50 ஓம் சுமையில் சுமார் 22 வோல்ட் உச்ச மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதால், அதன் ஆண்டெனா முனையை ஏற்பியோடு நேரடியாக இணைத்தால் ஏற்பி அக்கணமே பழுதாகும். உரிமம் இல்லாத இயக்கத்துக்கு டம்மி லோடு விலக்களிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கூற வேண்டும். இந்தியாவில் அமெச்சூர் நிலையத்தை இயக்க, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் தேவை.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை டிபிஎம் என்னும் அலகில், அதாவது ஒரு மில்லிவாட்டைச் சுழியாகக் கொண்ட டெசிபெல் அளவில் கணக்கிடுவது எளிது. 5 வாட் என்பது +37 டிபிஎம். ஏற்பியின் உள்ளீட்டில் –40 டிபிஎம் அளவில் இருப்பது அதன் நேர்கோட்டு இயக்கத்துக்கு ஏற்றது. ஆகவே 77 டெசிபெல் குறைப்பு தேவைப்படுகிறது. இதை இரண்டு கட்டங்களாகச் செய்வது வழக்கம். முதற்கட்டமாக, பரப்பியிலிருந்து டம்மி லோடுக்குச் செல்லும் கம்பியிலிருந்து 820 ஓம் மின்தடைகள் மூன்றைத் தொடராக இணைத்து, அவற்றின் மறுமுனையில் தரைக்கு 51 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், 50 ஓம் கருவி அங்கே இணையும்போது 40 டெசிபெல் தாழ்ந்த மாதிரி கிடைக்கும். 100 வாட் பரப்பியில் இத்தொடர் மின்தடைகள் மூன்றும் சேர்ந்து சுமார் 2 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், அவற்றை அதற்கேற்ப வாங்க வேண்டும். இரண்டாம் கட்டமாக, அட்டனுவேட்டர் எனப்படும் ஆயத்த வலுக்குறைப்பிகளில் 20 டெசிபெல் கொண்ட இரண்டை அதன்பின் இணைத்தால் மொத்தக் குறைப்பு 80 ஆகி, ஏற்பிக்குச் சேர்வது –43 டிபிஎம் ஆகும்.

இந்த மின்தடைப் பிரிப்பி குறுவலைகளில் கணக்குக்கு மிக நெருங்கி நடந்துகொள்ளும். 145 மெகாஹெர்ட்ஸிலோ மின்தடைகளின் கால்களில் உள்ள தூண்டலும் அவற்றுக்கிடையேயுள்ள மின்தேக்கமும் குறைப்பின் அளவை மாற்றிவிடும். ஆகவே கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டி, முழுவதையும் உலோகப் பெட்டிக்குள் அமைக்க வேண்டும்.

கம்பி வழியாக 80 டெசிபெல் குறைத்த பின்னும், பரப்பியிலிருந்து காற்று வழியாகக் கசிந்து ஏற்பியின் பிளாஸ்டிக் உறையை ஊடுருவும் அலை அதைவிட வலுவாக இருக்கக்கூடும். இதைக் கண்டறிய, ஏற்பியின் உள்ளீட்டில் 50 ஓம் முடிப்பான் ஒன்றைப் பொருத்திவிட்டுப் பரப்பியை இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் தெரியும் கோடு கசிவினால் வருவது. அது உண்மையான சோதனைச் சமிக்ஞையைவிட 20 டெசிபெல் தாழ்ந்திருந்தால் அளவீட்டில் சேரும் பிழை ஒரு டெசிபெல்லுக்குள் அடங்கும். அவ்வாறு இல்லையெனில் உலோக உறையுள்ள ஏற்பியைப் பயன்படுத்துவதும், யூ.எஸ்.பி. கம்பியில் ஃபெரைட் வளையம் பூட்டுவதும், பரப்பியை நகர்த்தி வைப்பதும் முதலில் செய்ய வேண்டியவை.

அதிர்வெண்ணை அளவுதிருத்தம் செய்தல்

ஏற்பியின் எல்லாக் கணக்குகளும் அதனுள் இருக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றையே சார்ந்திருப்பதால், அப்படிகத்தின் பிழை எந்த விகிதத்தில் உள்ளதோ அதே விகிதத்தில் எல்லா அதிர்வெண்களிலும் பிழை தோன்றும். சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகியிருந்தால் 145 மெகாஹெர்ட்ஸில் பிழை 7.25 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். அத்தகைய கருவியால் ஒரு பரப்பியின் அதிர்வெண்ணைத் திருத்த முயல்வது, சரியான பரப்பியையும் கெடுத்துவிடும். வெப்பநிலை ஈடுசெய்த படிக அலையியற்றி கொண்ட ஏற்பிகளில் இப்பிழை பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு மட்டுமே. 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு பங்கு என்பது 145 ஹெர்ட்ஸ்.

பிழையை அறிய நம்பகமான வெளி அளவுகோல் ஒன்று வேண்டும். ஜிஎஸ்எம் கைபேசிக் கோபுரங்கள் தம் அதிர்வெண்ணைப் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்குள் காக்க வேண்டும் என்பது அத்தொழில்நுட்பத்தின் தரவிதி; 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இது 50 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. கோபுரம் தன் ஊர்தி அலைக்கு மேலே சுமார் 67.7 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இடைவிட்டு அனுப்பும் தூய தொனியைத் தேடிப் பிடித்து, ஏற்பியின் பிழையைக் கணக்கிடும் கலிப்ரேட் என்னும் இலவச மென்பொருள் உள்ளது. ஏற்பி முழுச் சூடடைய அரை மணி நேரம் இயங்கவிட்டு, இரண்டு மூன்று கோபுரங்களில் சோதித்து, விடைகள் ஒத்திருந்தால் அந்த எண்ணை நிறமாலை மென்பொருளின் திருத்தப் பகுதியில் இட வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு பூட்டப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் மூலம் கிடைக்குமிடத்தில் அதன் மடங்கு அதிர்வெண்களைக் கொண்டு இதையே இன்னும் எளிதாகச் செய்யலாம்.

இவ்வாறு திருத்தப்பட்ட ஏற்பியால், பண்பேற்றமில்லாத ஊர்தி அலையை அளந்து பரப்பியின் படிகத்தைச் சீரமைக்கலாம். எடுத்துக்காட்டாக, இன்று வீட்டில் கட்டப்படும் பரப்பிகளில் பரவலாகக் காணப்படும் சி5351 அலையியற்றிச் சில்லின் வெளியீடு ஒன்றை 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்து அளக்கும்போது அது 142 ஹெர்ட்ஸ் உயர்ந்து காணப்பட்டால், பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு. அச்சில்லுக்கு ஆதாரமான 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் உண்மையில் 500 ஹெர்ட்ஸ் கூடுதலாக அதிர்கிறது என்பது இதன் பொருள். நிரலில் படிகத்தின் மதிப்பை 2,50,00,500 என்று மாற்றினால் எல்லாப் பட்டைகளிலும் பிழை ஒருங்கே நீங்கும்.

மென்பொருளின் அமைப்பு

எஸ்டிஆர்-ஷார்ப், ஜிக்யூஆர்எக்ஸ், எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் ஆகியவற்றுள் எதையும் பயன்படுத்தலாம். எதுவாயினும் சில அமைப்புகள் மாறக்கூடாதவை. ஒலி சமமாகக் கேட்பதற்காக ஏற்பியின் பெருக்கத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதி, ஒப்பிட வேண்டிய இரு அளவுகளையும் சமப்படுத்திக் காட்டி அளவீட்டையே பொய்யாக்கிவிடும் என்பதால், அதை இசைவிப்புச் சில்லிலும் டிஜிட்டல் பகுதியிலும் தனித்தனியே அணைத்துவிட்டுப் பெருக்கத்தைக் கையால் நிலைநிறுத்த வேண்டும். பார்வையிடும் சமிக்ஞையைத் திரையின் நட்டநடுவில் வைக்கக் கூடாது. நேர்மின்னோட்டப் பிழையால் அங்கே தோன்றும் பொய்யான கூர்முனையோடு அது கலந்துவிடும்.

ஒன்றோடொன்று நெருங்கிய இரு கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன், மாதிரி வேகத்தை ஃபூரியர் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகளும் 65,536 கட்டங்களும் எனில் ஒரு கட்டம் சுமார் 37 ஹெர்ட்ஸ், நொடிக்கு 2.5 லட்சமாக வேகத்தைக் குறைத்தால் அது 4 ஹெர்ட்ஸுக்கும் கீழ். ஆகவே குரல் பட்டைக்குள் நிகழ்வதை ஆராயக் குறைந்த வேகத்தையும், தொலைவிலுள்ள போலிகளைத் தேட உயர்ந்த வேகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதிரித் துண்டின் ஓரங்களை மென்மையாக்கும் சாளரச் சார்புகளில், வலுவான கோட்டின் அருகே மெலிந்த கோட்டைக் காணப் பிளாக்மன்-ஹாரிஸ் வகை ஏற்றது. உயரங்களைத் துல்லியமாக ஒப்பிடத் தட்டை உச்ச வகை ஏற்றது.

பண்பலைப் பரப்பியின் அதிர்வெண் விலகல்

பண்பலையில் குரலின் வலிமைக்கேற்ப ஊர்தி அலையின் அதிர்வெண் மேலும் கீழும் நகர்கிறது. அந்த நகர்வின் பெரும அளவே அதிர்வெண் விலகல் எனப்படும். அகலத் தடங்களில் இது 5 கிலோஹெர்ட்ஸும் குறுந்தடங்களில் 2.5 கிலோஹெர்ட்ஸும் ஆகும். விலகல் குறைந்தால் குரல் மெலிந்து கேட்கும். மிகுந்தால் அடுத்த தடத்தில் இடையூறாகும். விலகலையும் குரலின் உச்ச அதிர்வெண்ணையும் கூட்டி இரட்டிப்பது கார்சன் விதி. அதன்படி 5 கிலோஹெர்ட்ஸ் விலகலும் 3 கிலோஹெர்ட்ஸ் குரலும் 16 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை நிரப்பும்.

விலகலை அளக்கும் முறைகளுள் மலிவான ஏற்பிக்கு மிகப் பொருத்தமானது, ஊர்தி அலை மறையும் புள்ளியைக் கொண்டு அளப்பதாகும். ஒரே தொனியால் பண்பேற்றப்பட்ட பண்பலையில், விலகலைத் தொனியின் அதிர்வெண்ணால் வகுத்து வரும் எண் பண்பேற்றக் குறியீடு எனப்படும். அந்த எண் வளரும்போது ஊர்தி அலையின் உயரம் பெசல் சார்பு என்னும் கணித விதிப்படி குறைந்து, எண் 2.405 ஆகும்போது முற்றிலும் சுழியாகிறது. பிறகு வளர்ந்து 5.520இலும் 8.654இலும் மீண்டும் மறைகிறது. ஆகவே 5,000ஐ 2.405ஆல் வகுத்து வரும் 2,079 ஹெர்ட்ஸ் தொனியைப் பரப்பிக்குக் கொடுத்து, ஊர்தி அலை முதன்முறையாக மறையும் நிலையைக் கண்டால், விலகல் 5 கிலோஹெர்ட்ஸ் என்பது உறுதி. 2.5 கிலோஹெர்ட்ஸ் விலகலுக்குத் தொனி 1,040 ஹெர்ட்ஸ். 75 கிலோஹெர்ட்ஸ் விலகல் கொண்ட ஒலிபரப்பு நிலையத்துக்கு, இரண்டாம் மறைவைப் பயன்படுத்தினால் 13,587 ஹெர்ட்ஸ்.

செய்முறை வருமாறு. குரலோடு தாழ்ந்த தொனி ஒன்றைச் சேர்த்தனுப்பும் துணைத்தொனி வசதியை அணைத்துவிட்டு, பரப்பியை டம்மி லோடில் இயக்கி, பண்பேற்றமில்லாத ஊர்தி அலையின் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கணினியின் ஒலி வெளியீட்டிலிருந்து 2,079 ஹெர்ட்ஸ் தொனியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்ற அளவு குறைத்துக் கொடுத்து, சுழியிலிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். நடுக்கோட்டின் இருபுறமும் 2,079 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பக்கக் கோடுகள் எழும். நடுக்கோடு தாழ்ந்துகொண்டே வந்து மறையும். தொனியைச் சுழியிலிருந்து தொடங்கினால்தான் மறைவது முதல் மறைவா இரண்டாம் மறைவா என்ற ஐயம் எழாது. இரண்டாவதை முதலாவதாகக் கொண்டால் விலகல் 11 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியிருக்கும்.

பெரும்பாலான பரப்பிகளில் குரல் எவ்வளவு உரத்தாலும் விலகல் மீறாதபடி தடுக்கும் வரம்பிடும் சுற்று இருக்கும். அதைச் சீரமைக்க, தொனியை வரம்பை நன்கு தாண்டும் அளவுக்கு உயர்த்தி வைத்துவிட்டு, விலகலுக்குரிய பிரீசெட்டைத் திருகி நடுக்கோட்டை மறைய வைக்க வேண்டும். வரம்பிடும் சுற்று தொனியை வெட்டிச் சதுரமாக்கினாலும், அதன்பின் உள்ள குரல் வடிப்பான் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூறுகளை நீக்கிவிடுவதால், ஊர்தி அலையைச் சேர்வது ஏறத்தாழத் தூய தொனியே.

நடுக்கோடு முற்றிலும் மறைய வேண்டியதில்லை. பண்பேற்றமில்லாத நிலையைவிட அது 30 டெசிபெல் தாழ்ந்தாலே விலகலின் பிழை சுமார் 2.5 விழுக்காட்டில் அடங்கும்; 40 டெசிபெல் தாழ்ந்தால் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஏற்பியின் பெருக்கமோ கம்பியின் இழப்போ அட்டனுவேட்டரின் துல்லியமோ இவ்விடையைப் பாதிப்பதில்லை. தொனியின் அதிர்வெண் மட்டுமே பாதிக்கும், அதைக் கணினி மிகத் துல்லியமாகத் தருகிறது. சில ஆயிரம் ரூபாய்க் கருவி, விலையுயர்ந்த கருவிக்கு இணையான விடையைத் தரும் இடம் இது.

ஒற்றைப் பக்கப்பட்டைப் பரப்பி

ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஊர்தி அலையும் ஒரு பக்கப்பட்டையும் நீக்கப்பட்டு, மற்றொரு பக்கப்பட்டை மட்டுமே பரப்பப்படுகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்துப் பல நாடுகளிலும் அமெச்சூர்கள் கட்டிவரும் பிட்எக்ஸ் போன்ற எளிய பரப்பிகளில், நீக்க வேண்டியவை எந்த அளவுக்கு நீங்கின என்பது கட்டுபவரின் சீரமைப்பையே சார்ந்தது.

7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறுவலைகளை இந்த ஏற்பியின் இசைவிப்புச் சில்லு எட்டாது என்பதால், அதைத் தவிர்த்து அலையை நேரே எண்களாக மாற்றும் நேரடி மாதிரியெடுப்பு முறையையோ, அதிர்வெண்ணை 125 மெகாஹெர்ட்ஸ் உயர்த்தித் தரும் மாற்றியையோ பயன்படுத்த வேண்டும். நேரடி முறையில் மாதிரி வேகம் 28.8 மெகாஹெர்ட்ஸ் ஆகையால், அதன் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை மடிந்து கீழே தோன்றும். 7.1 மெகாஹெர்ட்ஸ் பரப்பியின் 21.3 மெகாஹெர்ட்ஸ் சீரிசை இவ்வாறு மடிந்து 7.5 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். அதைப் பரப்பியின் குறை என்று கருதித் திருத்த முனைவது வீண் உழைப்பாகும்.

முதலில் ஊர்தி அலையின் எச்சத்தைக் குறைக்க வேண்டும். மைக் உள்ளீட்டில் ஒலி ஏதுமின்றிப் பரப்பியை இயக்கினால் 7.100 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் கோடே அந்த எச்சம். சமன்செய் கலப்பியின் பிரீசெட்டையும் டிரிம்மரையும் மாறிமாறித் திருகி, இரண்டில் எதைத் தொட்டாலும் கோடு உயரும் நிலை வரை அதைத் தாழ்த்த வேண்டும். அடுத்து 1,000 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்தால், கீழ்ப்பக்கப்பட்டைப் பரப்பியில் 7.099இல் வலுவான கோடும் 7.101இல் நீங்காத எதிர்ப்பக்கப்பட்டையும் தெரியும். இவ்விரண்டின் விகிதம் 40 டெசிபெல்லை எட்டுமாறு, உள் ஊர்தி அலையியற்றியைப் படிக வடிப்பானின் ஓரத்தில் நிறுத்த வேண்டும். தொனிக்குப் பதிலாக இரைச்சலைக் கொடுத்தால் வடிப்பானின் முழு வடிவமும் திரையில் எழும்; 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கூர்மையாக விழாமல் இருந்தால் அலையியற்றி வடிப்பானுக்குள் அதிகமாக நுழைந்துள்ளது என்றும், குரலின் தாழ்ந்த பகுதி தேவைக்கு மேல் வெட்டப்பட்டால் அது மிக விலகி நிற்கிறது என்றும் அறியலாம்.

இறுதியாக, பெருக்கியின் நேர்கோட்டுத்தன்மையை இருதொனிச் சோதனை காட்டும். 700, 1,900 ஹெர்ட்ஸ் தொனிகளைச் சம அளவில் ஒருங்கே கொடுத்தால், அவை 7.0993, 7.0981 மெகாஹெர்ட்ஸில் இரு கோடுகளாக எழும். பெருக்கியின் வளைவால் அவை ஒன்றோடொன்று கலந்து, 7.1005இலும் 7.0969இலும் மூன்றாம் படிக் கலப்புகளும், 7.1017இலும் 7.0957இலும் ஐந்தாம் படிக் கலப்புகளும் தோன்றும். இவை அண்டை நிலையத்தாரின் காதில் சிதறலாக விழுபவை. ஒவ்வொரு தொனியும் உச்ச ஆற்றலைவிட 6 டெசிபெல் தாழ்ந்தது என்பதால், தொனிக் கோட்டிலிருந்து அளந்த இடைவெளியோடு 6ஐக் கூட்டினால் உச்ச ஆற்றலைச் சார்ந்த மதிப்பு கிடைக்கும். வெளியீட்டு மாஸ்ஃபெட்டின் ஓய்வு மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கலப்புகள் குறைவதும் பின்னர்க் குறையாமல் நிற்பதும் திரையில் தெரியும் இடத்தைக் கண்டு, வெப்பத்தகடு தாங்கும் எல்லைக்குள் அதை நிறுத்த வேண்டும். அதன்பின்னும் கலப்புகள் உயர்ந்திருந்தால் ஒலியின் அளவைக் குறைப்பதே தீர்வு. சிறிதளவு குறைத்தாலே கலப்புகள் அதைவிட வேகமாக விழும்.

மோர்ஸ் பரப்பியில் இதே திரை, சாவியை அழுத்தும்போதும் விடும்போதும் பட்டை முழுவதும் தெறிக்கும் சொடுக்குகளைக் காட்டும். எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் சுமார் 5 மில்லிநொடி இருந்தால் சொடுக்குகள் அடங்கும். நீர்வீழ்ச்சிக் காட்சியில் கோடு ஒவ்வொரு அழுத்தத்தின் தொடக்கத்திலும் வளைந்து நின்றால், அலையியற்றியின் மின்வழங்கல் சாவியோடு சேர்ந்து தள்ளாடுகிறது என்று பொருள்.

சீரிசைகளும் போலிகளும்

பரப்பியின் அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு ஆகியவற்றில் தோன்றும் தேவையற்ற ஆற்றல் சீரிசை எனப்படும். 145 மெகாஹெர்ட்ஸ் பரப்பியின் சீரிசைகள் 290, 435 மெகாஹெர்ட்ஸில் விழும். பிறருடைய சேவைகளுக்கு, அவற்றுள் விமானப் போக்குவரத்து போன்ற உயிர்காப்புச் சேவைகளுக்கும், இடையூறு செய்யாமல் இருப்பது பரப்பியை இயக்குபவரின் முதற்கடமையாதலால், இச்சோதனையை விட்டுவிட இயலாது. சர்வதேச வானொலி விதிகள் பொதுவாக 43 உடன், வாட்டில் கூறப்பட்ட ஆற்றலின் மடக்கையைப் பத்தால் பெருக்கிக் கூட்டிய அளவு டெசிபெல் குறைப்பைக் கோருகின்றன. 5 வாட்டுக்கு அது 50 டெசிபெல், அதாவது சீரிசை –13 டிபிஎம்மைத் தாண்டலாகாது.

8 பிட் ஏற்பி மிக எளிதாகத் தவறு செய்யும் சோதனையும் இதுவே. 290 மெகாஹெர்ட்ஸுக்கு இசைவித்திருக்கும்போதும் 145 மெகாஹெர்ட்ஸின் பெருவலிமை ஏற்பிக்குள் நுழைந்து, அங்கேயே ஒரு சீரிசையைப் பிறப்பிக்கிறது. தெரியும் கோடு யாருடையது என்பதை 10 டெசிபெல் அட்டனுவேட்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துத் தீர்மானிக்கலாம். கோடு 10 டெசிபெல் மட்டும் தாழ்ந்தால் அது பரப்பியிலிருந்து வருவது; இரண்டாம் சீரிசை 20 டெசிபெல்லோ மூன்றாம் சீரிசை 30 டெசிபெல்லோ தாழ்ந்தால் அது ஏற்பிக்குள்ளேயே பிறந்தது. திரையில் ஐயமூட்டும் எந்தக் கோட்டுக்கும் இச்சோதனையைச் செய்யாமல் பரப்பியின்மீது குறை கூறலாகாது.

அடிப்படை அலையை மட்டும் தடுத்துவிட்டால் ஏற்பியின் சுமை குறையும். ஒரு முனை திறந்த கால் அலைநீளக் கோஆக்சியல் கம்பித் துண்டை டி-இணைப்பியின் மூலம் வழியில் பொருத்தினால், அது 145 மெகாஹெர்ட்ஸுக்குக் குறுக்குச் சுற்றாகவும் 290 மெகாஹெர்ட்ஸுக்குத் திறந்த வழியாகவும் நடந்துகொள்ளும். அலை வேகக் காரணி 0.66 கொண்ட கம்பியில் அதன் நீளம் சுமார் 34 சென்டிமீட்டர்; 36 சென்டிமீட்டரில் வெட்டித் தொடங்கி, அடிப்படைக் கோடு மிகத் தாழும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கத்தரிக்க வேண்டும். இருபுறமும் 10 டெசிபெல் அட்டனுவேட்டர் வைத்தால் இத்துண்டின் இசைவின்மை அளவீட்டைக் கெடுக்காது. 40 டெசிபெல் பிரிப்பியோடு சேர்த்து மொத்தக் குறைப்பு 60 ஆக, வரம்பில் நிற்கும் சீரிசை –73 டிபிஎம்மில் தெளிவாகத் தெரியும். அடிப்படை அலையோ தடுப்புக்குப் பின் ஏற்பிக்கு எளிதில் தாங்கும் அளவாகிவிடும். இத்துண்டு 435 மெகாஹெர்ட்ஸையும் தடுத்துவிடும் என்பதால், மூன்றாம் சீரிசைக்கு உயர்அதிர்வெண் கடத்தும் வடிப்பான் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

ஏற்பியின் உணர்திறன் 145இலும் 290இலும் ஒன்றாக இராது. எனவே சீரிசையின் உயரத்தை அடிப்படைக் கோட்டின் உயரத்தோடு நேராக ஒப்பிடலாகாது. பரப்பியையும் பிரிப்பியையும் கழற்றிவிட்டு, மீதி வழியை அப்படியே வைத்து, அளவு தெரிந்த 290 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை அங்கே கொடுத்து, திரையில் அதே உயரம் எழும் வரை அதன் அளவை மாற்ற வேண்டும். அப்போது மூலத்தின் அளவோடு பிரிப்பியின் குறைப்பைக் கூட்டினால் சீரிசையின் உண்மை அளவு கிடைக்கும். ஏற்பி இங்கே இரு சமிக்ஞைகளும் சமம் என்பதை மட்டுமே சொல்கிறது. எண்ணைத் தருவது அளவு தெரிந்த மூலமே.

பதிவும் வரிசையும்

சோதனைகளைச் செய்யும் வரிசையும் முக்கியமானது. கசிவுச் சோதனை, ஏற்பியின் அதிர்வெண் திருத்தம், பரப்பியின் அதிர்வெண், விலகல் அல்லது பக்கப்பட்டைச் சீரமைப்பு, கலப்புகள், சீரிசைகள் என்ற வரிசையில் சென்றால், பின்னர்ச் செய்த திருத்தம் முன்னர்ச் செய்ததைக் கெடுப்பது குறையும். பெருக்கியின் ஓய்வு மின்னோட்டத்தையோ வெளியீட்டு வடிப்பானையோ மாற்றியிருந்தால் சீரிசைச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

வெளியீட்டு ஆற்றலை இந்த ஏற்பியைக் கொண்டு அளக்க முயல வேண்டாம். டம்மி லோடின் குறுக்கே டையோடும் மின்தேக்கியும் கொண்டு உச்ச மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து, அதன் இருமடியை 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். ஒவ்வொரு அளவீட்டோடும் மாதிரி வேகம், கட்ட எண்ணிக்கை, ஏற்பியின் பெருக்கம், வழியிலிருந்த மொத்தக் குறைப்பு, திருத்த எண், மின்வழங்கியின் மின்னழுத்தம் ஆகியவற்றையும் எழுதி வைத்தால்தான் ஆறு மாதம் கழித்து அதே பரப்பியை அதே நிலையில் மீண்டும் அளந்து, எது மாறியது என்று சொல்ல இயலும். சீரிசையின் அளவு வரம்பை ஒட்டி ஓரிரு டெசிபெல்லில் நிற்குமானால், இம்முறையின் துல்லியம் அவ்வளவு நுட்பமானதன்று என்பதை ஏற்று, வடிப்பானை மேம்படுத்தி வரம்பிலிருந்து 6 டெசிபெல்லாவது விலக்கி நிறுத்துவதே முறையாகும். சான்றிதழ் தேவைப்படும் பரப்பியை அளவுதிருத்தம் செய்த ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும்.